வெள்ளவத்தையிலிருந்து அவிசாவளை வரை: முற்றம் அமைக்கும் தொழிலுக்கு வாடிக்கையாளர் தேடும் முழு வழிகாட்டி

பாதுக்கவில் ஒரு வீட்டுக்கு முதல்முதலாக விலை சொல்லப் போனபோது வீட்டுக்காரர் வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் கொண்டுபோன படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சிரித்தார். "மல்லி (தம்பி), செடி நட நான் உனக்குக் காசு தரவா?" என்று சிங்களத்தில் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். மூன்று தலைமுறையாக மண்ணில் நிற்கிற மனிதருக்கு, வெள்ளவத்தை மாடிவீட்டில் வளர்ந்த நான் செடி நடக் கற்றுக்கொடுக்கப் போயிருக்கிறேன்.

ஆனால் அவருடைய கேற்றுக்கும் வாசலுக்கும் நடுவில் மழைத்தண்ணீர் தேங்கி, பாசி பிடித்து, ஒரு பலகை போட்டுத்தான் நடக்க வேண்டியிருந்தது. அந்தத் தண்ணீரை எங்கே விடுவது என்று பேச ஆரம்பித்ததும் அவர் வாளியைக் கீழே வைத்தார். வேலை கிடைத்தது. செடி ஒன்றுகூட நாங்கள் நடவில்லை; கான் வெட்டி, நிலத்தைச் சரித்து, இன்டர்லொக் கல் பதித்தோம். செடியை அவரே நட்டார், எங்களைவிட நன்றாக.

கொழும்பு மாவட்டத்தில் லேண்ட்ஸ்கேப்பிங் தொழில் செய்கிறவர்கள் இதைத்தான் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். நகரத்தில் எடுபடுகிற விளம்பரம் விவசாயப் பக்கத்தில் எடுபடாது. எல்லோருக்கும் செடி வளர்க்கத் தெரிந்த ஊரில், அவர்களால் தனியாகச் செய்ய முடியாததைத்தான் விற்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் நானும் என் கூட்டாளியும் ஒரு பட்டா லொறியோடு தொடங்கி, தப்புப் பண்ணிப் பண்ணிப் படித்தவை.

முதல் படி: ஒரு வீதியைப் பிடியுங்கள்

"கொழும்பு முழுக்கச் செய்வோம்" என்று அட்டை அடிப்பதுதான் எல்லோரும் செய்கிற முதல் பிழை. காலையில் தெஹிவளையில் புல், பின்னேரம் ஹங்வெல்லவில் கல் என்று ஓடினால் டீசலும் கூலியும் லாபத்தைத் தின்றுவிடும். அதைவிடப் பெரிய நட்டம், எந்த ஊரிலும் உங்களை அடையாளம் தெரியாமல் போவது.

ஹைலெவல் வீதியையோ, களனி கங்கையோடு போகிற கடுவெல, ஹங்வெல்லப் பக்கத்து லோலெவல் வீதியையோ தேர்ந்தெடுங்கள். நாங்கள் ஹைலெவலை எடுத்தோம். அந்த ஒரு வீதியை ஒட்டியே மூன்று விதமான வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். நுகேகொடை, மஹரகம வரை சின்ன வளவும் உயர்ந்த மதிலும். கொட்டாவ, ஹோமாகமப் பக்கம் றப்பர் காணியையும் பழைய தோட்டங்களையும் துண்டு போட்டு விற்ற 10 பேர்ச் (இங்கே காணி அளக்கிற அலகு) நிலங்களில் புது வீடுகள். அதற்கு அப்பால் பாதுக்க, வக, கொஸ்கம, அவிசாவளை: வயல், றப்பர், தென்னை, வெற்றிலை, 40 பேர்ச்சுக்கு மேற்பட்ட வளவுகள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாடிவீடுகள் தனிக் கதை. எங்கள் ஆட்கள் அங்கே நிறைய இருப்பதால் சுலபம் என்று தோன்றும். பல்கனியில் கேட்பது துளசி, நந்தியாவட்டை, பூசைக்குச் செவ்வரத்தை. கடல் உப்புக்காற்று பாதிச் செடியைக் கருக்கும். கடதாசிப்பூவும் ஈழத்தலரியும் தாக்குப்பிடிக்கும். மண் மூட்டையை லிஃப்டில் ஏற்ற வாட்ச்சர் விடமாட்டார், ஆகவே தும்புத்தூள் கலந்த பாரமில்லாத கலவை. கோயில் வாசலிலும் பள்ளிக்கூடத் தாய்மாரின் வட்ஸ்அப் குழுவிலும் பெயர் பரவினால் போதும், வேறு விளம்பரம் வேண்டாம். வருமானம் சின்னது, ஆனால் ஒழுங்காக வரும்.

இரண்டாம் படி: எதை விற்கிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள்

ஒரு கடதாசியை எடுத்து இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் இந்த ஊர்க்காரர் தானே செய்துகொள்ளக்கூடியவற்றை எழுதுங்கள்: நடுதல், பசளை போடுதல், கவ்வாத்து, பாத்தி கட்டுதல். வலது பக்கம் அவருக்குக் கருவியோ ஆளோ அனுபவமோ இல்லாதவை: நிலம் சரித்து நீர் வடியவிடுதல், கல் பதித்தல், சரிவில் தாங்குசுவர், பெரிய மரத்தை வேரோடு இடம் மாற்றுதல், புல் விரித்தல், மின்விளக்கு, தண்ணீர்க் குழாய். பாதுக்கப் பக்கத்து விளம்பரத்தில் வலது பக்கம் மட்டும் இருக்கட்டும்.

10 பேர்ச் புது வீட்டுக்காரருக்கு இரண்டு பக்கமும் விற்கலாம். அவருடைய பிரச்சினை மண். காணி நிரவும்போது கிரவலையும் கட்டட உடைசலையும் கொட்டி இறுக்கியிருப்பார்கள். அதில் எதை வைத்தாலும் மஞ்சளடிக்கும். "ஏன் உங்கள் வீட்டில் எதுவும் பிடிக்கவில்லை?" என்று ஒரு பதிவு போட்டு, மண்வெட்டியால் ஒரு அடி தோண்டி உள்ளே இருக்கிற செங்கல் துண்டுகளைக் காட்டினேன். நான் போட்ட அழகான பூப்படங்கள் எல்லாவற்றையும்விட அந்த அசிங்கமான படத்துக்குத்தான் அதிகம் அழைப்பு வந்தது.

2022 பொருளாதார நெருக்கடியில் எல்லோரும் மரக்கறிப் பாத்தி கேட்டார்கள். அரசாங்கமே அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்துத் தோட்டம் செய்யச் சொன்ன காலம் அது. அதை நம்பி நாங்கள் பாத்திக்கென்று பலகையெல்லாம் வாங்கி அடுக்கினோம். கொஞ்ச நாளில் ஆசை அடங்கிவிட்டது. மிஞ்சியது ஒன்று: முன்பக்கம் பூ, குசினி ஓரம் கறிவேப்பிலை, ரம்பை, வல்லாரை. இந்தப் "பாதி பூ, பாதி கறிக்கு" அமைப்பை இன்றைக்கும் எல்லா வீட்டிலும் விரும்புகிறார்கள்.

மூன்றாம் படி: விலையைப் பேர்ச்சிலும் கியூப்பிலும் சொல்லுங்கள்

விலைப்பட்டியலே ஒரு விளம்பரம். விவசாயி கணக்குத் தெரிந்தவர். மொத்தமாக ஒரு தொகையை எழுதிக் கொடுத்தால் "எங்கேயோ சுற்றுகிறான்" என்று நினைப்பார்.

இப்படிப் பிரித்துக் காட்டுங்கள். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 10 பேர்ச் என்றால் சுமார் 2,722 சதுர அடி. வீடு நிற்கிற இடம் 1,200, வாகனப் பாதையும் ஓரப் பாதையும் 500 என்று வையுங்கள். மிச்சம் ஏறக்குறைய 1,000 சதுர அடிதான் தோட்டம். அதற்கு 3 அங்குல உயரம் நல்ல மண் போட 250 கன அடி வேண்டும். ஒரு கியூப் 100 கன அடி. ஆக இரண்டரைக் கியூப். இதை அவருக்கு முன்னாலேயே கூட்டிக் காட்டினால், மண் லொறி வந்து கொட்டும்போது அவரே அளந்து பார்த்துத் தலையாட்டுவார். அடுத்த வீட்டுக்காரரிடம் உங்களைப் பற்றிப் பேச அவருக்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டது.

பட்டியலில் மூன்று வரி கட்டாயம் வேண்டும்: செடி பட்டுப்போனால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவீர்கள், தண்ணீர் ஊற்றுவது யார் பொறுப்பு, மிச்சக் குப்பையை யார் அகற்றுவது. இரண்டாவது வரி நான் காசு கொடுத்துப் படித்த பாடம். ஒரு பெப்ரவரியில் மாலபேயில் 600 சதுர அடி மலேசியன் புல் விரித்தோம். வீட்டுக்கார அம்மா ஒரு கலியாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டார். பத்து நாள் சொட்டுத் தண்ணீர் இல்லை. திரும்பி வந்தபோது முற்றம் தென்னந்தும்பு நிறத்தில் கிடந்தது. யார் பிழை என்று தொலைபேசியில் சண்டை. கடைசியில் பாதியை எங்கள் செலவில் மாற்றினோம். அந்த அம்மா அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு வேலையும் தேடித் தரவில்லை. கெட்ட பெயரும் சொல்லவில்லை; அது போதும்.

பட்டியல் வாடிக்கையாளரின் மொழியில் இருக்க வேண்டும். ஹோமாகமவுக்குச் சிங்களத்தில், வெள்ளவத்தைக்குத் தமிழில். என் சிங்கள எழுத்து அவ்வளவு நன்றாக இராது. கூட்டாளியின் மனைவி திருத்தித் தருவார். எழுத்துப்பிழையோடு கொடுத்த முதல் பட்டியலை ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் சிவப்புப் பேனையால் திருத்தித் திருப்பிக் கொடுத்தார், வேலையையும் கொடுத்தார். எல்லோரும் அப்படி இருக்கமாட்டார்கள்.

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிவுசெய்து, அந்த இலக்கத்தைப் பட்டியலின் மேலே போடுங்கள். பெரிய செலவில்லை. மண்டபக்காரர், பாடசாலை, தொழிற்சாலை என்று யாராவது கேட்டால் முதலில் கேட்பது அதைத்தான்.

நான்காம் படி: வீதியில் போகிறவர் கண்ணில் படுகிற மூன்று வேலை

விவசாய ஊரில் மக்கள் பார்த்துத்தான் நம்புவார்கள். நெல்லோ வாழையோ, பக்கத்து வயல்காரருக்கு என்ன விளைந்தது என்று பார்த்துவிட்டுத்தான் புது இனத்தைப் போடுவார்கள். முற்றமும் அப்படித்தான். ஆகவே தொடக்கத்தில் மூன்று வேலைகளை லாபம் பார்க்காமல், ஆனால் இடம் பார்த்துச் செய்யுங்கள்.

சந்தி ஓரத்து வீடு ஒன்று. பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருந்தால் இன்னும் நல்லது. அடுத்தது ஒரு ஹார்ட்வெயார் கடையின் முன்பக்கம்: சிமெந்து வாங்க வருகிறவர்கள்தான் வீடு கட்டுகிறவர்கள். மூன்றாவது பொது இடம்: பன்சலை (பௌத்த விகாரை), கோயில், தேவாலயம், சனசமூக நிலையம். பொறுப்பானவர்களிடம் கேட்டு அனுமதி வாங்கி, ஓர் ஓரத்தைச் செய்து கொடுங்கள். அங்கே பெரிய பெயர்ப்பலகை நாட்டாதீர்கள். அது மரியாதையில்லை, ஊர் அதை மறக்காது. நாங்கள் ஒரு கோயில் நந்தவனத்தைச் செய்தபோது பலகையே வைக்கவில்லை. ஐயரிடம் யாராவது கேட்டால் அவர் எங்கள் இலக்கத்தைச் சொல்வார்.

தனியார் வீட்டில் வேலை நடக்கிற நாட்களில் கேற்றில் சின்னப் பலகை தொங்கவிடலாம். முடிந்ததும் வீட்டுக்காரர் சம்மதித்தால் ஒரு மாதம் விடுங்கள். இலக்கம் பெரிதாக, பெயர் சிறிதாக. ஓட்டோவில் போகிறவர் வாசிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: ஊருக்குள்ளே யார் வாய் பேசுகிறது?

மேசன் பாஸ்தான் முதல் ஆள். வீடு முடிகிற நேரத்தில் "முற்றத்துக்கு யார்?" என்ற கேள்வி அவரிடம்தான் வரும். பலர் அவருக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுப்பார்கள். நான் கொடுப்பதில்லை. கமிஷன் விலையில் ஏறும், வாடிக்கையாளருக்கு ஒருநாள் தெரியவரும். அதற்குப் பதில் எங்களுக்குச் சுவர் வேலை வந்தால் அந்தப் பாஸையே கூப்பிடுவேன். இரண்டு பேருக்கும் கணக்கு நேராக இருக்கும். இதில் என் கூட்டாளிக்கு இன்னமும் உடன்பாடில்லை.

அடுத்தது மரண உதவிச் சங்கம், சாவு வீட்டுக்கு உதவ ஊரார் சேர்ந்து நடத்துவது. நகரத்து ஆட்களுக்கு இது விளங்காது. இங்கே கிராமங்களில் அநேகமாக எல்லாக் குடும்பமும் அதில் இருக்கும், மாதக் கூட்டத்தில் ஊர் முழுதும் கூடும். விளம்பரம் செய்ய அங்கே போகாதீர்கள். ஆனால் சங்கச் செயலாளரின் வீட்டு வடிகாலைச் சரியாகச் செய்தால் அதுவே போதும். கமநல சேவை நிலையத்துக்குப் பசளை எடுக்க வருகிறவர்கள், மீகொட பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி கொண்டு வருகிற லொறிக்காரர்கள், வாரச்சந்தையில் கன்று விற்கிற பெண்கள் எல்லாரும் செய்தி காவுகிறவர்கள். கன்று விற்கிறவரோடு போட்டி போடாதீர்கள். அவரிடமே கன்று வாங்குங்கள். பத்தரமுல்லை தியத்த உயனச் செடிக்கடைகளில் வாங்கிக் காவிக்கொண்டு போவதைவிடச் செலவும் குறைவு, ஊருக்குள் உங்களுக்கு ஒரு ஆளும் கிடைத்துவிடும்.

அவிசாவளைப் பக்கத் தோட்டங்களில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வேலை செய்கிறார்கள். எங்கள் குழுவில் இருவர் அங்கிருந்து வருகிறவர்கள். சரிவான நிலத்தில் கல் அடுக்குவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. இதை ஏன் விளம்பர வழிகாட்டியில் சொல்கிறேன் என்றால், ஊர் ஆளை வேலைக்கு வைத்தால் அவர் மாலையில் வீடு திரும்பும்போது உங்கள் வேலையும் அவரோடு ஊருக்குப் போகிறது. கூலியை அன்றன்றைக்குக் கொடுங்கள். கூலிப் பாக்கி வைக்கிற முதலாளியின் பெயரும் அதே வேகத்தில்தான் பரவும்.

ஆறாம் படி: கைத்தொலைபேசி

கூகுளில் வியாபாரப் பக்கம் இலவசம். கடை இல்லாவிட்டால் முகவரியை மறைத்து, சேவை செய்கிற ஊர்களை மட்டும் காட்டலாம். வேலை முடிந்த அன்றே, வாடிக்கையாளர் சந்தோஷமாக இருக்கும்போது, அவரது தொலைபேசியிலேயே கருத்து எழுதச் சொல்லுங்கள். "நல்ல சேவை" என்பதைவிட "ஹோமாகம வீட்டில் தண்ணீர் தேங்கியதைச் சரிசெய்தார்கள்" என்ற ஒரு வரி பெறுமதி. எந்த மொழியில் எழுதினாலும் சரி.

பேஸ்புக்கில் காசு கொடுத்துப் போடுவதானால் நாடு முழுக்கப் போடாதீர்கள். நீங்கள் பிடித்த வீதியின் ஒரு நகரத்தை நடுவில் வைத்துச் சுற்றுவட்டத்தைக் குறுக்குங்கள். இல்லாவிட்டால் வவுனியாவிலிருந்து விலை கேட்டு அழைப்பு வரும். எனக்கு வந்தது, ஒரே நாளில் ஏழு.

படம் எடுப்பதில் ஒரு பழக்கம்: வேலைக்கு முன் ஒரு படம், அதே இடத்தில் நின்று முடிந்த பின் ஒன்று, மூன்று மாதம் கழித்து இன்னொன்று. மூன்றாவதை அநேகமாக யாரும் எடுப்பதில்லை. நட்ட அன்றைக்கு எல்லாத் தோட்டமும் அழகுதான். மூன்று மாதம் கழிந்த படத்தைப் பார்த்துத்தான் விவசாயி வேலையை எடைபோடுவார். அதை எடுக்கப் போகும்போது இரண்டு செடியைக் கவ்வாத்துப் பண்ணிவிட்டு வாருங்கள், காசு கேட்காமல். எங்களுக்கு வந்த இரண்டாம் சுற்று வேலைகளில் பெரும்பகுதி அப்படிப் போய் நின்ற நேரத்தில் மதிலுக்கு அப்பாலிருந்து கேட்டவை.

வெளிநாட்டுத் தோட்டங்களின் படத்தை எடுத்து உங்களுடையது போலப் போடாதீர்கள். நம் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் லுனுகங்கத் தோட்டத்தைக் காட்டி "இப்படி வேண்டும்" என்று கேட்கிற வாடிக்கையாளர் வருவார். 10 பேர்ச்சில் அது வராது என்று அப்போதே சொல்லிவிடுங்கள். ஒரு ஈழத்தலரி, கீழே ஒரு பழைய சாடி, சுற்றிவர வெறும் புல். அந்தச் சாயல் வரும், அவ்வளவுதான்.

ஏழாம் படி: மழையையும் அறுவடையையும் பார்த்துப் பேசுங்கள்

நாட்காட்டி இல்லாமல் விளம்பரம் செய்தால் காசு வீண். சித்திரைப் புத்தாண்டுக்கு முன், பெப்ரவரி, மார்ச்சில் நகரத்திலும் புறநகரிலும் எல்லோரும் வீட்டுக்குச் சாயம் அடிப்பார்கள். முற்றமும் நினைவுக்கு வரும். ஆனால் அதே மாதங்களில் றப்பர் மரம் இலை உதிர்த்து நிற்கும், பால் குறையும், சிறு தோட்டக்காரர் கையில் காசு இராது. அவரிடம் அப்போது போனால் "பிறகு பார்ப்போம்" என்பார். அது மறுப்பல்ல, உண்மையாகவே பிறகுதான். கன மழை மாதங்களிலும் பால் வெட்டு தடைப்படும்.

வயல்காரருக்குப் பெரும்போக அறுவடை முடிந்து மார்ச், ஏப்ரலிலும், சிறுபோகம் முடிந்து ஆகஸ்ட், செப்டெம்பரிலும் காசு புழங்கும். வெற்றிலைக்காரருக்கு அடிக்கடி வருமானம். தவணை முறையில் வேலை செய்யத் தோதானவர்கள் அவர்கள்.

மே மாதத் தென்மேற்குப் பருவமழையும் ஒக்டோபர், நவம்பர் மழையும் வடிகால் வேலையின் விளம்பரக் காலம். மழை பெய்கிற நாளில் போய்த் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று படம் எடுத்து வையுங்கள். 2016 மே வெள்ளத்துக்குப் பிறகு களனி கங்கைப் பக்கத்தில் நிலத்தை உயர்த்திக் கேட்டவர்கள் அதிகம். அங்கே ஒரு எச்சரிக்கை: உங்கள் வாடிக்கையாளரின் முற்றத்தை உயர்த்தினால் தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போகும். அந்த வேலையை எடுத்து ஒரு வாடிக்கையாளரைப் பெற்று ஐந்து பேரை இழக்காதீர்கள்.

பலா, ஈரப்பலா மரத்தை "இடைஞ்சல், வெட்டிவிடுங்கள்" என்பார்கள். அவற்றுக்கு 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். வாய்ப்பேச்சில் கோடரி எடுக்காதீர்கள். பிரதேச செயலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். நான் பெரும்பாலும் பலாவை விட்டு அதன் நிழலுக்கு ஏற்ற மாதிரித் தோட்டத்தை மாற்றச் சொல்வேன்.

எட்டாம் படி: மாதாந்தப் பராமரிப்பை டெங்குவோடு விற்பது

ஒருமுறை வேலையில் வயிறு நிறையாது. மாதம் இரண்டு தடவை போகிற பராமரிப்பு ஒப்பந்தம்தான் மழை மாதத்திலும் கூலி கொடுக்க உதவும். "புல் வெட்டித் தருகிறோம்" என்றால் ஊரில் யாரும் வாங்கமாட்டார்கள், அவர்களிடமே மெசின் இருக்கும். டெங்கு என்றால் காது கொடுப்பார்கள். 2017இல் நாடு முழுவதும் 1,80,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்த வருடத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. நுளம்பு பெருக இடம் கொடுத்தால் வழக்கு வரும். 2007இலேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முதலில் பார்க்கிற இடங்கள் பூச்சாடித் தட்டு, பீலி, தண்ணீர் தேங்குகிற இலைக்கக்கங்கள் (இலை தண்டோடு சேருகிற இடுக்குகள்).

ஆகவே பராமரிப்புக்குப் போகிற ஆளிடம் ஒரு சின்ன அட்டை கொடுத்தோம். சாடித் தட்டு, பீலி, கான், மூடியில்லாத தாங்கி, சிரட்டை, பழைய டயர் என்று ஆறு வரி. பார்த்ததும் அடையாளமிட்டு, படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டு லண்டன், ரொறொன்ரோவில் இருக்கிறவர்கள் இதற்கென்றே மாதக் காசு அனுப்புகிறார்கள்.

ஒன்பதாம் படி: ஒரு கொப்பி

அழைப்பு வந்தால் முதலில் கேட்க வேண்டியது "எங்கே பார்த்தீர்கள், அண்ணே?" என்பது. கொப்பியில் ஐந்து நிரல்: திகதி, ஊர், எங்கே பார்த்தார், விலை சொன்னதா, வேலை ஆனதா. எங்கள் கொப்பியில் மூன்றாவது நிரலில் "மதிலுக்கு மேலால்", "பாஸ் சொன்னார்", "லொறியில் இலக்கம்" என்ற மூன்றும்தான் திரும்பத் திரும்ப வந்தன. பத்திரிகை விளம்பரம் ஒருமுறைகூட வரவில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டு அதை நிறுத்தி, அந்தக் காசில் லொறிக்குப் பெயின்ட் அடித்து இலக்கத்தை இரண்டு மடங்கு பெரிதாக எழுதினோம்.